பிஸ்டனை உள்ளே இறக்கும் முன் சிலிண்டர் போரை அளந்து பாருங்கள்

முதலில் போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் எஞ்சின் சிலிண்டரின் உள்துளையை, துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தை மேலும் கீழுமாக, அப்புறம் சுற்றுவாக்கிலும் ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் ஹோனிங் (சுவரை லேசாக உரசித் தீட்டுவது) போதாது, ரீபோர்தான் (துளையைப் பெரிதாகக் கடைவது). உச்சியில் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தொடாத இடத்தில் படி மாதிரி தட்டுப்பட்டால் கீழே நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளப்பதற்கு, துளையின் உள்விட்டத்தைக் காட்டும் டயல் போர் கேஜ் வேண்டும். சாதாரண வெர்னியர் இந்த வேலைக்கு ஆகாது, ஏனென்றால் நாம் தேடுவது 0.01 மி.மீ. வித்தியாசத்தை. மேல், நடு, கீழ் என 3 ஆழத்தில், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) இணையாக ஒன்று, குறுக்காக ஒன்று என மொத்தம் 6 அளவு எடுத்து எழுதி வையுங்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர், ஒரே ஆழத்தில் இரு திசைக்கும் உள்ளது ஓவாலிட்டி.

பிஸ்டனை மைக்ரோமீட்டரால் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்), பின்னுக்குக் குறுக்காக, மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். பலர் உச்சியில் அளந்துவிட்டு இடைவெளி அதிகம் என்று பதறுவார்கள். உச்சி சூட்டில் அதிகம் விரியும் என்பதால் வேண்டுமென்றே சின்னதாகத்தான் செய்திருப்பார்கள். போர் அளவில் பிஸ்டன் அளவைக் கழித்தால் கிளியரன்ஸ், அதாவது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. சரியான எண்ணுக்கு உங்கள் எஞ்சின் மேனுவலை மட்டும் நம்புங்கள். இரண்டும் ஒரே அறைச் சூட்டில் இருக்கட்டும், வெயிலில் கிடந்த அலுமினிய பிஸ்டன் பொய் சொல்லும்.

கடைசியாக, ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.