எச்டூஎஸ்: ரிக்குக்குப் போகும் செந்தூல் தம்பிகளுக்கு

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பக்கத்திலிருந்து திரங்கானு கெமாமானுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கடலில் எண்ணெய் தோண்டும் ரிக்குக்குப் போகிற பையன்களிடம் எச்டூஎஸ், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு பற்றிக் கேட்டால், "அழுகின முட்டை வாடை வரும், ஓடிடணும் அண்ணே" என்கிறார்கள். பாதிதான் சரி. அந்த வாடை குறைந்த அளவில்தான். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைப்பவன் அங்கேயே நிற்பான். 700 பிபிஎம்முக்கு மேல் இரண்டு மூச்சிலேயே சாய்ந்துவிடலாம்.

ஆகவே வாயுவை அளக்கும் மீட்டரை நம்புங்கள். சட்டைக் காலரில், மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டணும். மழைக்கோட்டுக்குள் மறைந்துவிடக் கூடாது. வேலை தொடங்குமுன் தினமும் சோதனை வாயுவைக் காட்டி, அலறுகிறதா என்று பாருங்கள். திரையில் எண் தெரிவது பேட்டரி இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பெரும்பாலும் முதல் அலாரத்தை 10 பிபிஎம்மில் வைப்பார்கள். மலேசியச் சட்டத்தில் 8 மணி நேரச் சராசரி வரம்பும் அதுதான்.

தாடி விஷயம். தைப்பூச விரதத்துக்கு வளர்ப்பவர்கள் உண்டு. முருகன் கோபிக்க மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முடி இருந்தால் மூச்சுக் கருவியின் முகமூடி முகத்தில் ஒட்டாது, இடைவெளியில் வாயு புகும். விரதமா, அந்த வாரங்களுக்கு லீவு கேளுங்கள். இல்லையா, சவரம் செய்துவிட்டு ஏறுங்கள்.

அலாரம் அடித்தால் மூச்சை அடக்கி, காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கைப் பாருங்கள். வாயு வரும் பாதையிலிருந்து குறுக்காக விலகி, அப்புறம் காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் போகணும். காற்றைவிடக் கனமான வாயு இது, பள்ளத்தில் தேங்கும். கீழ்த்தளத்துக்கு இறங்கவே கூடாது.

கூட்டாளி விழுந்து கிடக்கிறான் என்றால்? இங்கேதான் நம் ஆட்கள் சாகிறார்கள். யோசிக்காமல் ஓடுவான், அவனைத் தூக்க இன்னொருவன். ஓடாதீர்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நின்று முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டும் எஸ்சிபிஏ மூச்சுக் கருவியைப் போட்டு, முகமூடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, பயிற்சி பெற்ற இருவராகப் போங்கள். வடிகட்டி முகமூடி மீட்புக்கு ஆகாது.

எழுந்து உட்கார்ந்து "ஓகேலா" என்றாலும் அவனை வேலைக்கு விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ரிக்கின் மருத்துவ உதவியாளரான மெடிக்கிடம் காட்டுங்கள், அன்றிரவு தனியாகப் படுக்க விடாதீர்கள்.