ஃபோரேயின் 'கான்டிக் டெ ழான் ராசின்': கொயர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் நீடர்மேயர் இசைப் பள்ளி மாணவராக இருந்தபோது பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே எழுதிய பக்திப் பாடல் இது. 1865இல் பள்ளியின் முதல் பரிசும் இதற்குக் கிடைத்தது. நான்கு குரல், ஓர் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் வாத்தியம்), ஐந்தாறு நிமிடம். பார்க்க எளிதாகத் தெரிவதால் பல கொயர்கள், அதாவது பாடகர் குழுக்கள், துணிந்து எடுக்கின்றன. பெரும்பாலும் சறுக்குவது வேகத்தில்தான்.

இதைத் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடாதீர்கள். பிரெஞ்சு நாடகக் கவிஞர் ழான் ராசின் 1688இல் வெளியிட்ட வரிகள் இவை. செவ்வாய்க்கிழமை விடியுமுன் ஓதப்படும் லத்தீன் பாடலின் பிரெஞ்சு வடிவம். "அமைதியான இரவின் மௌனத்தைக் கலைக்கிறோம்" என்கிறது முதல் பத்தி. சோர்ந்த ஆன்மாவின் உறக்கத்தைக் கலைத்துவிடு என்று கேட்கிறது இரண்டாவது. விழிக்க வைக்கும் ஜெபத்தைத் தூங்க வைக்கும் வேகத்தில் பாடினால் பொருளே போய்விடும். ஸ்கோரில் (இசைக் குறிப்பில்) இருப்பது 'ஆண்டான்டே', அதாவது நடக்கும் வேகம். இழுத்தால் மூச்சு போதாது, மூச்சு போதாவிட்டால் சுருதி இறங்கும். வரி நடுவே எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுக்காமல், ஆள் மாற்றி ஆள் எடுக்கப் பழக்குங்கள்.

ஆர்கன் வாசிப்பவர் செய்யும் தவறு வேறு. துணையிசை முழுக்க மும்மூன்று சுரங்களாக ஓடும் ட்ரிப்லெட்டுகள். பியானோவில் பெடலை மிதித்தால் அவை ஒன்றோடொன்று குழையும். ஆர்கனில் விரலை எடுத்த கணமே ஒலி நின்றுவிடும்; விரல்தான் இழைக்க வேண்டும். ஆனால் எதிரொலி அதிகமுள்ள கல் தேவாலயத்தில் அதே இழைப்பு சேறாகிவிடும், அங்கே கொஞ்சம் பிரித்து வாசிக்கலாம். காலால் வாசிக்கும் ஆழமான கீழ்ச் சுரங்களைத் தரும் 16 அடி பெடல் ஸ்டாப்பைத் தாராளமாகத் திறக்காதீர்கள். முதலில் நுழைவது ஆண்களின் தாழ்ந்த குரலான பாஸ், அது அப்படியே மூழ்கிவிடும். குழாய்கள் கொயருக்குத் தொலைவில் இருந்தால் ஒலி தாமதமாக வரும், எனவே ஆர்கனிஸ்ட் காதை நம்பாமல் நடத்துனரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

பாஸ், டெனர், ஆல்டோ, சோப்ரானோ என்று குரல்கள் கீழிருந்து மேலாக அடுக்கப்படுகின்றன. புதிதாக வருபவர் ஓங்கிப் பாடுகிறார். முன்பே பாடுபவர் தணிவதில்லை. முதல் பக்கத்திலேயே சத்தம் தீர்ந்துபோனால், இரண்டாம் பத்தியில் ஓங்கிப் பாட வேண்டிய "நரகமே ஓடட்டும்" என்ற வரிக்கு மிச்சம் இருக்காது.

உச்சரிப்பைப் பற்றி இரண்டே விஷயம். முதல் வரியில் வரும் 'த்ரே ஓ' (மிக உன்னதர்) என்பதை 'த்ரேஸோ' என்று சேர்க்கக் கூடாது, அங்கே சந்தி கிடையாது. 'எஸ்பெரான்ஸ்' (நம்பிக்கை) சொல்லின் கடைசி அசைக்குத் தனிச் சுரம் உண்டு. அதை விழுங்கவும் வேண்டாம், 'ஸே' என்று அழுத்தவும் வேண்டாம்.

முடிவில் தேவைக்கு மேல் வேகத்தைக் குறைப்பதும் வழக்கமாகிவிட்டது. ஃபோரே தாளம் பிசகாமல் வாசிப்பவர் என்று அவருடன் பாடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரியை மென்மையாக, அதே நடையில் விடுங்கள். குரல்கள் நிற்கும்போது ஆர்கனும் நிற்கட்டும்.