துணைவரின் மனு நிலுவையில் இருக்கும்போது அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவர் ஊருக்குப் போய்த் திருமணம் முடித்துத் திரும்பி, துணைவரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவைப் போட்டுவிட்டு, யாருடைய முறை வந்திருக்கிறது என்று காட்டும் மாதாந்திர அரசு அட்டவணையான விசா புல்லட்டினைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு நிறைவதும் நெருங்கிவிடுகிறது. மனு நிலுவையில் இருக்கும்போது குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தைப் போடலாமா என்ற கேள்வி அப்போது எழும். தாராளமாகப் போடலாம். இரண்டும் தனித்தனிக் கோப்புகள்; ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது. ஆனால் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள் துணைவரின் கோப்பைச் சட்டப்படி வேறொரு பிரிவுக்கு மாற்றிவிடும். அந்த மாற்றத்தால் குடும்பத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று முன்கூட்டியே பார்க்காமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறுகளுக்கெல்லாம் வேர்.

கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவி எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறார். அந்தப் பிரிவுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விசாக்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது மனு போட்ட நாளுக்கு, விசா புல்லட்டினில் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை அந்த வரிசையே இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் புல்லட்டின் தேதி பின்னுக்குப் போய், வரிசை மீண்டும் வந்தது. அந்த இடைக்காலத்து அனுபவத்தை வைத்து ‘எஃப்2ஏ-வுக்குக் காத்திருப்பே கிடையாது’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனுதாரர் குடிமகனானதும் துணைவர் ‘உடனடி உறவினர்’ என்ற பிரிவுக்கு மாறுவார். அந்தப் பிரிவுக்கு உச்சவரம்பும் இல்லை, விசா புல்லட்டினில் இடமும் இல்லை.

இதைக் கேட்டதும் சிலர், குடியுரிமை கிடைத்த பிறகே மனுவைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஐ-130-ஐத் தள்ளிவைக்கிறார்கள். அது வீண். மனுவைக் குடிவரவுத் துறை பரிசீலித்து ஒப்புதல் அளிப்பதற்கே பல மாதங்கள் ஆகும். குடியுரிமை விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும் அதே காலத்தில் அதுவும் ஓடட்டும். வேறு சிலர் உறுதிமொழி எடுத்த கையோடு பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘குடிமகன்’ என்ற தகுதியில் புதிய மனுவைப் போடுகிறார்கள். துணைவரைப் பொறுத்தவரை இதற்கு எந்தத் தேவையும் இல்லை. பழைய மனுவே, அதே வழக்கு எண்ணோடு, புதிய பிரிவுக்கு மாறிவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கட்டணப்படி ஐ-130-ஐ இணையவழியில் போட 625 டாலர், தாளில் போட 675 டாலர். அந்தப் பணத்தோடு காத்திருந்த மாதங்களும் போகும்.

என்-400 தரப்பில் முதலில் இடறுவது மூன்றாண்டு விதியில். மூன்று ஆண்டுகளிலேயே விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை, அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்து மூன்று ஆண்டுகளும் அவரோடு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. திருமணமாகிவிட்டது என்பதற்காக அது பொருந்தாது. வெளிநாட்டிலுள்ள துணைவருக்காகக் காத்திருப்பவர் ஐந்து ஆண்டுக் கணக்கையே பின்பற்ற வேண்டும். கணக்குத் தொடங்கும் நாள் கார்டில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும் தேதி. ஐந்தாண்டு நிறைவுக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அந்த 90 நாளுக்கும் முன்னதாகப் போட்டால் நிராகரிப்பார்கள். கட்டிய பணம் திரும்பி வராது.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது நீண்ட பயணத் தவறு, ஏனெனில் அது பாசத்தால் நேர்வது. மனைவியின் பிரசவத்துக்காக 2024 ஜனவரி 10 அன்று கிளம்பிய ஒருவர், குழந்தைக்குப் பெயர் வைத்து, பாஸ்போர்ட் எடுத்து, ஜூலை 20 அன்று திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 192 நாட்கள். ஆறு மாதத்தைத் தாண்டி ஓராண்டுக்குள் முடியும் பயணம் ‘தொடர்ச்சியான வசிப்பு’ முறிந்துவிட்டது என்ற அனுமானத்தை உண்டாக்குகிறது. அது முறியவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. வேலையை விடவில்லை, வாடகை வீட்டைக் காலி செய்யவில்லை, வரி கட்டினேன் என்பதற்கெல்லாம் ஆவணம் காட்ட வேண்டும். நேரடிக் குடும்பம் எங்கே இருந்தது என்பதையும் அதிகாரி பார்ப்பார். மனைவியும் குழந்தையும் வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு கேள்வியே பாதகமாகிவிடும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அனுமானத்துக்கே இடமில்லை. தொடர்ச்சி முறிந்தது முறிந்ததுதான். திரும்பிவந்தபின் பொதுவாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டும். மீள்நுழைவு அனுமதிப் பத்திரம் கையில் இருந்ததே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பத்திரம் கிரீன் கார்டைக் காக்க உதவும், குடியுரிமைக் கணக்கை அது காக்காது. இதற்கு வெளியே, ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு தனியாக நிற்கிறது. நான்கு முறை ஐந்தைந்து மாதம் போய்வந்தவர்கள் முதல் விதியில் தப்பினாலும் இந்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது குழந்தைகள். இந்த இடத்தில் குடியுரிமை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறது. எஃப்2ஏ பிரிவில் துணைவருக்குப் போட்ட ஒரே மனுவில், 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளும் சார்ந்தவர்களாகச் சேர்ந்து வரலாம். உடனடி உறவினர் பிரிவில் ‘சார்ந்தவர்’ என்ற வகையே கிடையாது. ஆகவே மனுதாரர் உறுதிமொழி எடுத்த அந்த நிமிடத்தில் மனைவியின் கோப்பு முன்னே போகிறது, அந்தக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை கீழே இறங்கிவிடுகிறது. பிள்ளைக்குத் தனியாக ஓர் ஐ-130 வேண்டும். இதை நேர்காணல் கடிதம் மனைவி பெயருக்கு மட்டும் வரும்போதுதான் பலர் கண்டுகொள்கிறார்கள். என்-400 போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மனுவைப் போட்டுவிடுவது இந்த இடைவெளியைத் தவிர்க்கும். மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளையானால், இந்தத் திருமணம் நடந்தபோது அப்பிள்ளைக்கு 18 வயது நிரம்பியிருக்கக் கூடாது.

வயதுக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. மனு நிலுவையில் இருக்கும் பிள்ளைக்கு, தந்தை அல்லது தாய் உறுதிமொழி எடுக்கும் நாளில் 21 வயது நிரம்பாமல் இருந்தால், அந்த நாளிலேயே அதன் வயது உறைந்துவிடும். விசா பின்னால் எப்போது வந்தாலும் கவலையில்லை. பிறந்த நாளின்படி 21 தாண்டியிருந்தும், மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழித்தால் 21-க்குள் வரும் பிள்ளைகள் விஷயம் நீதிமன்றம் வரை போன சிக்கல்; அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் உறுதிமொழித் தேதிக்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பதைச் சிக்கனம் பார்க்க வேண்டாம். 21 தாண்டிய, திருமணமாகாத பிள்ளைக்கான மனு நிலுவையில் இருக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் திருமணம் செய்துவைப்பதும் பெரும் பிழை. பெற்றவர் குடிமகனாவதற்கு முன் அந்தத் திருமணம் நடந்தால் மனு தானாகவே ரத்தாகிவிடும், பிறகு குடியுரிமை பெற்றாலும் அது உயிர்பெறாது. முகூர்த்தம் பார்ப்பவர்கள் உறுதிமொழித் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஐ-130 தேவையே இல்லாத சிலரும் அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பு வழியாகக் கிரீன் கார்டு பெற்ற ஒருவருக்கு, அது கிடைக்கும் முன்பே திருமணமாகியிருந்தால், துணைவர் அதே வேலைவாய்ப்பு வழக்கின் பின்தொடர்ந்து சேரும் உறவினராக வரலாம். ஆனால் அந்த வழி மனுதாரர் கிரீன் கார்டு நிலையில் இருக்கும் வரைதான் திறந்திருக்கும். குடிமகனாகிவிட்டால் அது மூடிவிடும், புதிதாக ஐ-130-ல் தொடங்க வேண்டும். துணைவரின் விசா நேர்காணல் நெருங்கியிருக்கும் நேரத்தில் உறுதிமொழி எடுத்து, கைக்கு எட்டியதைத் தவறவிடுவதும் உண்டு. சில அலுவலகங்களில் குடியுரிமை நேர்காணல் முடிந்த அன்றே உறுதிமொழியையும் நடத்திவிடுவார்கள் என்பதால், ‘நடுவில் சில வாரம் கிடைக்கும்’ என்று கணக்குப் போடக் கூடாது.

துணைவர் ஏற்கெனவே மாணவர் விசா போன்ற ஏதோவொரு விசாவில் அமெரிக்காவிலேயே இருந்தால் வேறு வகைத் தவறு நேர்கிறது. முறைப்படி சோதிக்கப்பட்டு நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர் விசாக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருந்தாலும், குடிமகனின் துணைவர் என்ற முறையில் இங்கேயே நிலைமாற்றம் பெற, அதாவது நாட்டைவிட்டு வெளியேறாமலே கிரீன் கார்டு பெற, முடியும். கிரீன் கார்டுக்காரரின் துணைவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. ‘எப்படியும் குடியுரிமை வரப்போகிறது’ என்று நம்பித் துணைவரின் விசா நிலையைக் கைவிடுவது, என்-400 ஏதோ காரணத்தால் இழுபட்டால், நடுவில் அவரைச் சட்டப் பாதுகாப்பின்றி நிறுத்திவிடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியபின் நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்றாண்டுத் தடையும், ஓராண்டுக்கு மேலானால் பத்தாண்டுத் தடையும் வரும். வெளிநாட்டிலிருக்கும் துணைவர் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, தன் பெயரில் குடியேற்ற மனு எதுவும் போடப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதுவது இதைவிடக் கொடியது. பொய்த் தகவல் என்ற முத்திரை காலத்தால் அழியாது.

இரண்டு கோப்புகளும் ஒரே துறையின் மேசையில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. என்-400 நேர்காணலில் அதிகாரி ஐ-130-ல் எழுதிய திருமணத் தேதி, முந்தைய திருமணங்கள், பிள்ளைகளின் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்க முடியும். மண்டபத்தில் தாலி கட்டிய தேதியை ஒன்றிலும் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த தேதியை மற்றொன்றிலும் எழுதுவது, துணைவர் ஊரில்தானே இருக்கிறார் என்று வரிப் படிவத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று குறிப்பது ஆகியவை சிறிய விஷயங்களாகத் தோன்றும். ஐ-130-ல் திருமணமானவர், அதே ஆண்டின் வரிக்கணக்கில் தனியாள் என்றால் அதற்கு அதிகாரியிடம் விளக்கம் சொல்லியாக வேண்டும். பழைய ஆண்டுகளில் அப்படிச் செய்திருந்தால் திருத்திய வரிக்கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு நேர்காணலுக்குப் போவதே நல்லது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. தந்தையின் பெயரை இனிஷியலாக மட்டும் கொண்டவர்கள், குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைப் பயன்படுத்தி விரித்தெழுதிக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் திருமணச் சான்றிதழில் ஒரு பெயர், மனுவில் ஒரு பெயர், குடியுரிமைச் சான்றிதழில் ஒரு பெயர் என்று நின்றால், பெயர் மாற்ற ஆவணத்தையும் துணைவரின் கோப்பில் சேர்த்தாக வேண்டும்.

உறுதிமொழி விழாவுக்கான அழைப்புக் கடிதத்தில், நேர்காணலுக்குப் பிறகு திருமணம், மணமுறிவு, வெளிநாட்டுப் பயணம் ஏதேனும் உண்டா என்ற கேள்விகள் இருக்கும்; அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடாதீர்கள். விழா அரங்கிலேயே கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போய் மனைவியிடம் சொல்லலாம் என்று டிக்கெட் எடுத்துவைத்திருப்பவர் அங்கேதான் விழிக்கிறார். கார்டு இல்லை, அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, இந்தியக் குடியுரிமையோ 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி முடிந்துவிட்டது. பழைய இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அமெரிக்க பாஸ்போர்ட்டும் அதன்மேல் இந்திய விசாவும் கைக்கு வந்தபிறகே கிளம்ப முடியும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு குடியுரிமைச் சான்றிதழின் மூலப்படியை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முன் நகல் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். உரிய அதிகாரமின்றி நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று சான்றிதழில் அச்சிட்டிருக்கும் வரியைப் படித்துப் பயந்துவிடுபவர்கள் உண்டு. குடிவரவுத் துறைக்குச் சமர்ப்பிப்பது போன்ற சட்டபூர்வமான தேவைக்கு நகலெடுப்பதை அந்த வரி தடுக்கவில்லை. அந்த நகல்தான் துணைவரின் கோப்பை நகர்த்தும் சாவி, ஏனென்றால் நீங்கள் குடிமகனானது உங்கள் துணைவரின் கோப்புக்குத் தானாகத் தெரியவராது. மனு இன்னும் குடிவரவுத் துறையில் இருந்தால் அங்கே, இணையக் கணக்கின் வழியாகவோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டோ, தெரிவிக்க வேண்டும். ஒப்புதலாகி, தூதரக நேர்காணலுக்கு முன் கோப்பைத் தயார்செய்யும் தேசிய விசா மையத்துக்குப் போயிருந்தால் அந்த மையத்தின் இணைய விசாரணைப் படிவத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, சான்றிதழின் நகலையோ பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தையோ அனுப்ப வேண்டும். துறை மனுவுக்கு ஒப்புதல் அளித்திருந்தும் கோப்பு எங்கே போயிருக்கிறது என்று தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, பழைய எஃப்2ஏ வரிசையிலேயே மேலும் சில மாதம் நிற்பதற்குச் சமம்.

துணைவர் கருவுற்றிருந்தால் இன்னொரு தேதிக் கணக்கும் உண்டு. மனுதாரர் குடிமகனான பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, அவர் அதற்கு முன் மொத்தம் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் உடலளவில் இருந்திருந்தால், அவற்றில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் 14 வயதுக்குப் பிந்தியவையாக இருந்தால், பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். படிக்க வந்த காலமும் வேலை விசாவில் இருந்த காலமும் இதில் சேரும். அதே குழந்தை உறுதிமொழிக்கு முந்தைய நாள் பிறந்திருந்தால் ஐ-130, விசா, நேர்காணல் என்று முழுச் சுற்றும் சுற்றி, குடியேறியாக அமெரிக்காவுக்குள் வந்து பெற்றோருடன் வாழத் தொடங்கும்போதுதான் குடியுரிமை பெறும். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே படிவத்தைப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். உறுதிமொழிக்குப் பின் பிறந்த குழந்தைக்குத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும் மட்டுமே வேண்டும்.