ஓபியோமூசா லைமானியை நட்சத்திர மீனாகப் பார்க்காதீர்கள்

ஆழ்கடல் படங்களில் சேற்றின் மேல் ஐந்து கைகளை விரித்துக் கிடக்கும் ஒன்றைப் பார்த்ததும் "நட்சத்திர மீன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஓபியோமூசா லைமானி பற்றிய குழப்பங்களில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. இது பிரிட்டில் ஸ்டார். நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் சேர்ந்த முட்தோலிகள் என்ற பெரும் தொகுதியில் தனி வகுப்பு. நட்சத்திர மீனின் கை அகன்று உடலோடு கலந்துவிடும். இதற்கோ நடுவில் ஒரு வட்டு, அதிலிருந்து தனித்துக் கிளம்பும் ஒல்லியான கைகள். இரண்டும் சேரும் இடத்தை விரல் வைத்துக் காட்டலாம்.

பெயர் தப்பினால் உடற்கூறும் தப்பும். நட்சத்திர மீனில் செரிமானப் பைகள் கைகளுக்குள் நீளும் என்பதால் இதிலும் அப்படித் தேடுவார்கள். இதன் வயிறு வட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கைக்குள் பெரும்பாலும் முதுகெலும்புக் கணுக்கள் போல அடுக்கிய சுண்ணாம்புத் துண்டுகளும் தசையும்தான். மலத்துவாரம் கிடையாது; தின்றதில் மிஞ்சியது வாய் வழியாகவே வெளியே வரும். கடல்நீர் நுழையும் சல்லடைத் தட்டையும் முதுகில் தேட வேண்டாம், அது அடிப்பக்கம் வாயைச் சுற்றிய தட்டுகளில் ஒன்று. கைகள் தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் 10 பிளவுகள் தெரிந்தால் காயம் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவும் பைகளின் வாசல்கள் அவை.

சரி, பிரிட்டில் ஸ்டார் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் வரும் தவறு கொஞ்சம் படித்தவர்கள் செய்வது: பொதுவான குணங்களை எல்லாம் இதன் தலையில் கட்டுவது. (தலையே இல்லை, அது வேறு.) "பாம்பு போல நெளியும் கைகள்" என்று எழுதிவிடுவார்கள். இதன் கையில் பக்கத் தட்டுகள் பெரிதாகி மேலும் கீழும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கவசம் போட்ட கை, விறைப்பாக இருக்கும். குழாய்க்கால்கள் (நீர் அழுத்தத்தால் இயங்கும் மென்மையான குட்டிக் கால்கள்) வெளிவரும் துளைகளும் வட்டை ஒட்டிய சில கணுக்களோடு நின்றுவிடும். எனவே கையைத் தூக்கி நீரோட்டத்தில் இரையை வடிகட்டும் உறவினர்களின் பழக்கத்தை இதற்கும் எழுதுவது பொருந்தாது. இது தரையில் கிடைப்பதைத் தின்கிற ஆள்.

வலையில் வரும் மாதிரிகளில் கைகள் ஒடிந்திருப்பது சகஜம். அதனால் கை நீளத்தை வைத்து அளவிட வேண்டாம், வட்டின் விட்டத்தை எடுங்கள். ஒடிந்த கை தனியாகப் புது உயிராக வளரும் என்பதும் தவறு. வட்டிலிருந்து புதுக் கை முளைக்கும், அவ்வளவுதான்.

ஆழத்தில் வாழ்வதால் அரிய உயிர் என்றும் எண்ண வேண்டாம். கண்டத்தின் விளிம்பு ஆழ்கடலுக்குள் இறங்கும் கண்டச் சரிவுகளில் இது கூட்டமாகவே கிடக்கும் இடங்கள் உண்டு. 1873-இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் வைவில் தாம்சன் விவரித்தபோது இதை ஓபியோமூசியம் பேரினத்தில் வைத்தார். லைமானி என்பது பிரிட்டில் ஸ்டார் ஆய்வாளர் தியடோர் லைமனை நினைத்து வைத்த பெயர். பழைய கட்டுரைகளில் ஓபியோமூசியம் லைமானி என்றே இருக்கும். இரண்டு இனம் என்று கணக்குப் போட்டுவிடாமல், தேடும்போது இரு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.