மனத் தளர்ச்சியைச் சொல்லும் ஆங்கில வினைச்சொற்கள்: மலை ஊர் எடுத்துக்காட்டுகளோடு ஒரு தொடக்கப் பாடம்

ஊட்டியிலும் குன்னூரிலும் விடுதி வரவேற்பறையில் நிற்பவர்களுக்கும் டாக்சி ஓட்டுபவர்களுக்கும் விருந்தினரின் மகிழ்ச்சியை ஆங்கிலத்தில் சொல்வது கடினமில்லை. 'நைஸ்', 'ஹாப்பி' என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே ஒரு சீசனை ஓட்டிவிடலாம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஏறிப்போய், மேகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஒரு குடும்பம் திரும்பி வரும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் இந்தப் பாடம்.

படி 1: 'ஃபீல்' என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள்

நம் பேச்சில் 'ஃபீல்' என்றாலே வருத்தம் என்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு உணர்தல் என்பது மட்டுமே பொருள். என்ன உணர்வு என்பதை அடுத்த சொல்தான் சொல்லும். 'டோன்ட் ஃபீல்' என்றால் வெளிநாட்டு விருந்தினர் விழிப்பார். 'டோன்ட் ஃபீல் பேட்' என்று முடியுங்கள்.

படி 2: வருத்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள்

வருத்தத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களெல்லாம் அகராதியில் ஒரே கூட்டமாக நிற்கும். மூன்று கேள்விகளில் பிரித்துவிடலாம். எதிர்பார்த்தது நடக்காமல் போனதா? இப்போது மனநிலை கெட்டிருக்கிறதா? இனிச் செய்ய வேண்டிய காரியத்தில் ஊக்கம் போய்விட்டதா? எல்லைகள் அங்கங்கே கலக்கும் என்றாலும் தொடக்கத்துக்கு இது போதும்.

படி 3: எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால்

சொல், 'டிஸப்பாயிண்ட்'. மண்சரிவால் மேட்டுப்பாளையம் மலை ரயில் ரத்தாகிறது. 'த கேன்சலேஷன் டிஸப்பாயிண்டட் தெம்' என்றால் அந்த ரத்து அவர்களை ஏமாற்றமடையச் செய்தது. வருவதாக வாக்குக் கொடுத்த ஓட்டுநர் வரவில்லை என்றால் 'ஹி லெட் அஸ் டவுன்'. நம்பியவர் கைவிட்டார் என்ற குறை இதில் தொனிக்கும். மழையைக்கூட இப்படிக் குறை சொல்பவர்கள் உண்டு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிதானமாகக் கடக்க வேண்டும். 'ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்' என்று சொன்னால், 'என்னைப் பார்ப்பவர்களுக்கு நான் ஏமாற்றம் தருகிறேன்' என்று பொருளாகிவிடும். வருத்தப்படுபவருக்கு 'டிஸப்பாயிண்டட்', வருத்தம் தருவதற்கு 'டிஸப்பாயிண்டிங்'. காட்சி மறைந்த மலைமுனை 'டிஸப்பாயிண்டிங்', டிக்கெட் வாங்கி அங்கே நின்றவர் 'டிஸப்பாயிண்டட்'. கீழே வரும் 'டிப்ரெஸ்', 'டிஸ்கரேஜ்', 'டிஸ்ஹார்ட்டன்' எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

படி 4: மனநிலை மட்டும் கெட்டிருந்தால்

துயரச் செய்தி மனத்தை வருத்தினால் 'ஸேடன்'. திடீரென்று நிலைகுலைய வைத்தால் 'அப்செட்'. இதன் இறந்தகாலமும் 'அப்செட்' தான். 'அப்செட்டட்' என்று ஒரு வடிவம் கிடையாது. ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் வெயிலே தலைகாட்டாமல் மழை கொட்டும். அப்படி மெல்ல மெல்ல மனத்தை அழுத்துவதற்கு 'கெட் டவுன்': 'திஸ் ரெயின் இஸ் கெட்டிங் மீ டவுன்'. யாருக்குச் சோர்வோ அவர் இரண்டு சொற்களுக்கும் நடுவில் உட்கார வேண்டும்.

'டிப்ரெஸ்' இதைவிடக் கனமானது. மழையை 'டிப்ரெஸ்ஸிங்' என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் 'ஐ ஆம் டிப்ரெஸ்ட்' என்பது மருத்துவர் பார்க்க வேண்டிய நோயையும் குறிக்கும். ஒருநாள் மூடுபனிக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

படி 5: செய்யவிருக்கும் காரியத்தில் ஊக்கம் போனால்

முதல் சொல் 'டிஸ்கரேஜ்'. இதன் எதிர்ச்சொல்லான 'என்கரேஜ்' உடன் 'டு' வரும்: 'ஷி என்கரேஜ்ட் மீ டு அப்ளை'. அதே பழக்கத்தில் இங்கேயும் 'டு' போட்டுவிடுகிறோம். கூடாது, 'ஃப்ரம்' போட்டு, வினையோடு 'இங்' சேர்க்க வேண்டும்: 'ஷி டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் அப்ளையிங்'. விண்ணப்பிக்க வேண்டாம் என்கிற மாதிரி பேசினாள் என்று பொருள்.

'டிஸ்கரேஜ்' மனிதரைத்தான் தொடும் என்றில்லை, ஒரு பழக்கத்தையும் தொடும். வாடகைக் காரில் சாப்பிடுவதை விரும்பவில்லை என்று நயமாகச் சொல்ல 'ஈட்டிங் இஸ் டிஸ்கரேஜ்ட்'. தடை என்றால் 'பேன்' என்றுதான் சொல்ல வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடையே இருக்கிறது. அதைப் போய் 'டிஸ்கரேஜ்ட்' என்று விருந்தினரிடம் சொன்னால், அபராதம் கட்டும்போது உங்களைத்தான் தேடுவார். 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து எடுக்கும் நுழைவு அனுமதி, வந்தது. அந்த நடைமுறையை நினைத்துச் சிலர் வராமல் நின்றுவிட்டால் அதற்கு 'டிட்டர்' பொருந்தும்: தொல்லைக்கோ விளைவுக்கோ அஞ்சிப் பின்வாங்க வைப்பது.

'டிஸ்ஹார்ட்டன்' என்றால் முயற்சியின் நடுவே மனம் உடையச் செய்வது. 'டிஸ்கரேஜ்' சொல்லுக்குள்ளும் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் வேர்தான் இருக்கிறது, ஆனால் அறிவுரை சொல்லித் தடுப்பதற்கு 'டிஸ்ஹார்ட்டன்' உதவாது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக ஓட்டப் பழகியவரை அவை மிரள வைத்தால் 'டான்ட்'. ஆசையே விட்டுப்போகச் செய்தால் 'புட் ஆஃப்'. 'த பெண்ட்ஸ் புட் ஹிம் ஆஃப்' என்றால் அவர் ஆசையை விட்டார்; 'ஹி புட் ஆஃப் த டிரிப்' என்றால் பயணத்தைத் தள்ளிப்போட்டார்.

ஒரு கூட்டமே நம்பிக்கை இழந்தால் 'டிமாரலைஸ்'. பச்சைத் தேயிலை விலை சரியும்போது சிறு விவசாயிகளின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் நீங்களே சொல்லிப் பாருங்கள்

ஜனவரி உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகியதைப் பார்த்து, இத்தனை நாள் பாடுபட்ட அப்பா மனம் உடைந்தார். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைப் பார்த்ததும் பாட்டிக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் ஆசையே போய்விட்டது. கோத்தகிரிக்கு வேலை தேடிப் போக வேண்டாம் என்று மாமா என்னிடம் சொல்லிப் பார்த்தார்.

விடைகள்: 'த ஃப்ராஸ்ட் டிஸ்ஹார்ட்டன்ட் மை ஃபாதர்'. 'த கிரௌட் புட் மை கிராண்ட்மதர் ஆஃப்'. மூன்றாவதில் 'டிஸ்கரேஜ்ட் மீ' என்று எழுதியிருப்பீர்கள். அடுத்து 'ஃப்ரம் கோயிங்' வந்திருக்கிறதா என்று பாருங்கள்.