பஸ் ஸ்டிரைக்கும் கோவை ஏர்போர்ட்டும்: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்த சேதி வந்ததும், சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருந்த அரசு பஸ்கள் டிப்போவுக்குத் திரும்ப ஆரம்பித்தன. சார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சின்ன மாமா மறுநாள் விடிவதற்குள் கோவையில் வந்து இறங்க வேண்டும். வீடு கோபியில். "ஏர்போர்ட்ல இருந்து காந்திபுரம் மட்டும் வந்துட்டான்னா போதுங் கண்ணு, அப்புறம் எப்படியாச்சும் வந்துருவான்" என்றார் அம்மா. மாமாவும் அதையேதான் நினைத்திருந்தார்.

டாக்சி பிடித்துக் காந்திபுரத்தில் இறங்கியபோது மணி ஐந்தரை. கூடவே இரண்டு அட்டைப்பெட்டிகள், நைலான் கயிறு போட்டு இறுக்கி, நாலு பக்கமும் மார்க்கரில் பெயர் எழுதியவை. பஸ் ஸ்டாண்டில் அரசு பஸ் ஒன்றுகூட இல்லை. சத்தி போகும் தனியார் பஸ் ஒன்று வந்தது, படிக்கட்டு வரை ஆள். கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்தார். "ஆளு ஏறுங்க, பொட்டி ஏறாதுங்க" என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டார். இப்படி மூன்று பஸ்ஸை விட்ட பிறகு, கடைசியில் கோபிக்கே ஒரு டாக்சி பேசி வீடு வந்து சேர்ந்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப் போயிருந்தது. அந்த ஸ்டிரைக் ஜனவரி 11 வரை நீடித்தது.

ஏர்போர்ட்டிலிருந்து நகரத்துக்குள் வரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றி மட்டும் யோசித்ததுதான் அவர் தவறு. அந்தத் துண்டை எந்த ஸ்டிரைக்கிலும் ஒப்பேற்றிவிடலாம். ஆட்டோ இருக்கும், கால் டாக்சி இருக்கும், எதுவும் இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது பைக்கில் வருவார். ஆனால் பீளமேட்டில் இருக்கும் கோவை ஏர்போர்ட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கோவைக்காரர்கள்? திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, தாராபுரம், பாலக்காடு என்று சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் வருகிறது. அறுந்து போவது அந்த அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

யார் ஸ்டிரைக் என்று கேட்காமலே பதறுவது

"நாளைக்கு பஸ் ஓடாதாம்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி வரும். யாருடைய பஸ் என்று கேட்க மாட்டோம். அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றால் தனியார் பஸ் ஓடும். கொங்கு நாட்டில் அது பெரிய விஷயம். மொபசல் எனப்படும் வெளியூர்த் தடங்களில் மட்டுமல்ல, கோவைக்குள்ளேயே தனியார் டவுன் பஸ்கள் உண்டு. கூட்டம் பிதுங்கும், ஆனால் வண்டி இருக்கும். சிக்கல் ராத்திரியில்தான். பெரியவர்கள் இன்னமும் 'சேரன் பஸ்' என்று சொல்லும் அரசு பஸ்கள்தான் நடுராத்திரிக்குத் துணை. தனியார் பஸ்ஸின் நாள் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கி ராத்திரியோடு முடிந்துவிடும். ஆகவே பகல் விமானக்காரர் தப்பித்துக்கொள்வார், விடியற்கால விமானக்காரர் மாட்டிக்கொள்வார்.

மத்தியத் தொழிற்சங்கங்கள் கூப்பிடும் அகில இந்தியப் பொது வேலைநிறுத்தம் வேறு கணக்கு. 2025 ஜூலை 9 அன்று தமிழ்நாட்டில் பஸ்கள் பெரும்பாலும் ஓடின. வாளையாறு தாண்டினால் கேரளம் அடங்கிக் கிடந்தது. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு விமானம் ஏற வருகிறவர்கள் தமிழ்நாட்டுச் செய்தியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவர்கள் ஊர்ச் செய்திதான் அவர்களுக்கு முக்கியம். அப்படிப்பட்ட நாளில் நம் பக்கத்து பஸ் எல்லையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வண்டி ஏற்பாடு செய்துகொள்வது உங்கள் பாடு. ஆட்டோ, கால் டாக்சிக்காரர்கள் மட்டும் நிறுத்தினால் கவலையே வேண்டாம், பஸ் இருக்கிறது.

பதறி டிக்கெட்டை ரத்து செய்வதும் தவறுதான். 2024 ஜனவரி 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் எல்லாச் சங்கங்களும் சேரவில்லை. பெரும்பாலான பஸ்கள் ஓடின. உயர் நீதிமன்றம் தலையிட, மறுநாளே நிறுத்தி வைத்தார்கள். 2018-ஐ நினைத்துக்கொண்டு விமான டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்குப் பணம்தான் நஷ்டம். பொதுப் போக்குவரத்தில் ஸ்டிரைக் என்றால் சட்டப்படி 14 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆக, சேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். ஆனால் பேச்சுவார்த்தை கடைசி ராத்திரி வரை இழுக்கும். நோட்டீஸ் செய்தி வந்ததுமே மாற்று வழியைப் பேசி வைத்துக்கொண்டு, முந்தின நாள் ராத்திரிச் செய்தி பார்த்து முடிவெடுப்பதுதான் என் வழக்கம்.

காந்திபுரத்துக்குப் போய்விட்டுத் திரும்புவது

இதுதான் நம்மவர்களின் பெரிய வியாதி. எங்கே போவதானாலும் முதலில் காந்திபுரம். ஆனால் திருப்பூர், அவினாசி, ஈரோடு பக்கமிருந்து அவினாசி ரோட்டில் வருகிறவருக்கு நகரத்துக்கு முன்னாலேயே ஏர்போர்ட் வந்துவிடுகிறது. சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால், பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். அதை விட்டுவிட்டுக் காந்திபுரம் போய், ஸ்டிரைக் நாளில் ஆட்டோவுக்குக் கெஞ்சி, வந்த வழியிலேயே திரும்பி வருகிறார்கள்.

பஸ்ஸில் ஏறும்போதே "சித்ராவில் நிறுத்துவீங்களா, பாலத்து மேல போயிருவீங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஊருக்குள்ளிருந்து காரில் வருகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் ஏர்போர்ட்டுக்கு இறங்க வேண்டிய இடத்தைப் பேச்சு சுவாரஸ்யத்தில் கோட்டை விட்டால் கோல்ட்வின்ஸ் போய்த்தான் திரும்ப வேண்டும். புது டிரைவர் என்றால் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.

சத்தி, புளியம்பட்டி, அன்னூர் பக்கத்துக்காரர்கள் சரவணம்பட்டியில் இறங்கிக் காளப்பட்டி வழியாக ஆட்டோவில் போகலாம். அந்த ரோடு சித்ராவில் வந்து சேருகிறது. பொள்ளாச்சி, பாலக்காடு பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் உக்கடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. பைபாஸில் ஏறி நீலாம்பூர் போய் அவினாசி ரோட்டில் திரும்பினால் கொஞ்சம் சுற்றுதான், டோலும் இருக்கலாம். ஆனால் ஊருக்குள் எங்கே மறியல், எங்கே ஊர்வலம் என்ற பதைப்பு இருக்காது.

இறங்கி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. திருப்பூர் பஸ்ஸுக்குச் சித்ராவில் நின்றால், ஸ்டிரைக் நாளில் காந்திபுரத்திலேயே நிரம்பி வரும் வண்டி கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடும். பெட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு ரயில்தான் நல்லது.

ரயிலை மறப்பது, அல்லது தப்பான ஸ்டேஷனில் இறங்குவது

பஸ் நின்றாலும் ரயில் நிற்காது. பொது வேலைநிறுத்தத்தில் எங்காவது மறியல் நடந்தால் கொஞ்ச நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். ஈரோடு, திருப்பூர், சோமனூர், மேட்டுப்பாளையக்காரர்களுக்கு வழி இருக்கிறது. கோபி, சத்தி, தாராபுரம், காங்கேயம், பல்லடம் எல்லாம் ரயில் பார்க்காத ஊர்கள். அங்கிருந்து வருகிறவர்கள் ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ மட்டும் யாரையாவது கொண்டுவந்து விடச் சொன்னால் போதும். கோவை வரை கார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் செலவு இரண்டு மடங்காகும்.

எனக்குத் தெரிந்த திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் சாம்பிள் பையோடு மும்பை போகக் கிளம்பினார். புத்திசாலித்தனமாக ரயிலில்தான் வந்தார். கோவை ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ தேடினார். ஸ்டேஷன் வாசலில் நூறு பேர் அதே ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்த பாசஞ்சர் வண்டி வழியில் பீளமேட்டிலும் நின்றுதான் வந்தது. அங்கே இறங்கியிருந்தால் ஏர்போர்ட் நாலைந்து கிலோமீட்டர்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். பாசஞ்சரும், மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயிலும் நிற்கும் சின்ன ஸ்டேஷன் அது, எக்ஸ்பிரஸை நம்பி ஏறாதீர்கள்.

இன்னொரு குழி போத்தனூர். கேரளம் போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்கு வருவதேயில்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விடும். 'கோயமுத்தூர்ப் பக்கம்தானே' என்று ஏறி, அங்கே இறங்கி முழித்தவர்கள் உண்டு. அங்கிருந்து ஏர்போர்ட் ஊரின் மறுகோடி. அப்புறம், டிக்கெட் கவுன்ட்டர் வரிசை அன்றைக்கு வாசல் வரை நிற்கும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ரயில்ஒன் ஆப்பில் அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஆப்பில் புக் செய்துவிட்டோமே என்று தூங்குவது

ராத்திரியே ஆப்பில் காலை நாலு மணிக்கு வண்டி புக் செய்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அது வண்டி அல்ல, கோரிக்கை. டிரைவர் யார் என்று தெரிவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். தெரிந்த பிறகும் அவர் ரத்து செய்யலாம். சாதாரண நாளில் அடுத்த வண்டி கிடைக்கும், ஸ்டிரைக் நாளில் கிடைக்காது. சின்ன ஊர்களில் ஆப் வண்டியே அபூர்வம்.

உங்கள் ஊர் டாக்சி ஸ்டாண்டில் முகம் தெரிந்த ஒருவரிடம் முந்தின நாள் சாயங்காலமே நேரில் பேசி, ஆயிரமோ ஐநூறோ அட்வான்ஸ் கொடுத்து வைப்பதுதான் பக்கா. பேசும்போதே எல்லாவற்றையும் உடைத்துப் பேசிவிடுங்கள்: திரும்பக் காலியாக வருவதற்குச் சேர்த்தா, டிரைவர் பேட்டா உண்டா, டோல் யார் தலையில், ஸ்டிரைக் வாபஸ் ஆனால் அட்வான்ஸ் திரும்புமா. இதையெல்லாம் ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது பேசினால் சண்டையில்தான் முடியும்.

அரைவல் வாசலில் "வாங்க சார், திருப்பூருங்களா?" என்று கூப்பிடும் வெள்ளை போர்டு காரில் ஏற வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். மஞ்சள் போர்டு பார்த்து ஏறுங்கள். முதுகில் ஒரு பை மட்டும் உள்ளவருக்கு பைக் டாக்சி போதும், நகரத்துக்குள் அன்றைக்கு வேகமான வண்டி அதுதான்.

வெப் செக்-இன் காப்பாற்றும் என்று நம்புவது

போர்டிங் பாஸ் மொபைலில் இருக்கிறதே, பிறகென்ன அவசரம் என்பார்கள். பெட்டி போட வேண்டுமென்றால் அந்தப் பாஸால் பிரயோஜனமில்லை. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பஸ் ஸ்டிரைக் என்று சொல்லி அங்கே அழுதும் பார்த்திருக்கிறேன், மூடியது மூடியதுதான். விமானம் பறந்துவிட்டால், ரோட்டில் நடந்த ஸ்டிரைக்குக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. வர முடியாது என்று முன்பே தெரிந்தால், புறப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டுத் தேதி மாற்றக் கேளுங்கள். தவறவிட்டாலும் டிக்கெட்டில் உள்ள வரி, பயனர் மேம்பாட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

விடியற்கால விமானமாக இருந்தால் முந்தின நாள் மாலையே வந்துவிடுவது உத்தமம். பீளமேட்டுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீடு, அல்லது ஹாஸ்டலில் படிக்கும் ஒரு பிள்ளை இல்லாத கொங்குக் குடும்பம் எங்கே இருக்கிறது? ரூம் எடுக்கிற செலவுகூட நடுராத்திரி டாக்சியை விடக் குறைவாக வரலாம்.

சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்கு ஓமலூர் அருகே காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. விமானங்கள் சில மட்டுமே. ஆனால் அது தர்மபுரி, பெங்களூர் போகும் ரோட்டை ஒட்டியே இருப்பதால் தனியார் பஸ்ஸில் அருகே இறங்கிக்கொள்ளலாம்.

மாமா கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அவரோடு அதே விமானத்தில் வந்தவர்களில் ஒருவர் புளியம்பட்டிக்காரர், இன்னொருவர் நம்பியூர்க்காரர். ரெண்டு பேரும் ஆளுக்கொரு டாக்சியில் தனித்தனியாக முழு வாடகை கொடுத்துப் போனார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், நம்பியூர்க்காரர் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் சொல்லித்தான் மாமாவுக்கே தெரிந்தது. இப்போதெல்லாம் ஸ்டிரைக் இருக்கிறதோ இல்லையோ, பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டு, "சத்திப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார்.