'க்வைட் குட்' பாராட்டு அன்று: பிரிட்டிஷ் சக ஊழியர்களின் பேச்சைப் பழகும் முறை

குன்னூரில் வீட்டிலிருந்தபடியே, லீட்ஸ் நகரத்துக் குழு ஒன்றுடன் மூன்றாண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஆங்கில வழியில் படித்தவள் என்பதால் பேச்சு புரியாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் முதல் சில மாதங்களில் என்னைத் தடுமாற வைத்தவை கடினமான சொற்கள் அல்ல; எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பியிருந்த எளிய சொற்களே.

முதல் படி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்குவது. சொற்களை அட்டை அட்டையாகக் காட்டும் செயலி ஒன்றை இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டு நீக்கிவிட்டேன். அது சொல்லையும் பொருளையும் மட்டுமே கேட்டது. யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார், அதற்கு மற்றவர் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதுங்கள். பொருளுக்கான இடம் சில நாள் காலியாகவே இருக்கட்டும். அகராதி வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியையே பரிந்துரைப்பேன். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளைத் தனித்தனியே கேட்கலாம் என்பதோடு, ஒரு வழக்கு பிரிட்டனுக்கு மட்டும் உரியதா என்பதையும் அது குறிப்பிடுகிறது.

இரண்டாம் படி, அந்தக் காலியிடத்தில் அகராதிப் பொருளை எழுதாமல், அதே தருணத்தில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை எழுதுவது. காலையில் அவர்கள் "யூ ஆல்ரைட்?" என்று கேட்டபோது, ஐப்பசி மழை, மின்வெட்டு, இன்வெர்ட்டர் கோளாறு, என் சளி என அனைத்தையும் விவரமாகச் சொன்னேன், எதிர்முனையில் நெடிய மௌனம். அது நம் "சாப்பிட்டாச்சா?" போன்றது. கேட்டவருக்கு என்ன குழம்பு என்பது தேவையில்லை. "யெஸ், யூ?" என்பதே போதுமான பதில்.

நேரத்தைச் சொல்லும் முறை நமக்கு எளிது. 'ஹாஃப் நைன்' என்பது நம் ஒன்பதரையேதான். அதை ஒன்பதுக்கு அரை மணி முன்பு என்று கணக்கிட்ட நான், ஒரு மணி நேரம் ஆளில்லாத திரையின் முன் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் படி, மென்மையாகத் தோன்றும் சொற்களின் உண்மையான எடையைக் கண்டுகொள்வது. இதுதான் என்னை உண்மையில் கவிழ்த்தது. நான் அனுப்பிய அறிக்கைக்கு மேலாளர், "க்வைட் குட், யூ மைட் வான்ட் டு லுக் அட் பேஜ் த்ரீ" என்று எழுதினார். மிக நன்று, விரும்பினால் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கலாம் என்று படித்துக்கொண்ட நான், விருப்பமில்லாததால் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்துப் பிழை அப்படியே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் வழக்கில் 'குட்' போன்ற சொல்லுக்கு முன் வரும் 'க்வைட்' பெரும்பாலும் 'ஓரளவு' என்றே பொருள்படும். அமெரிக்கர் சொன்னால் அதுவே 'மிக' ஆகிவிடும். 'மைட் வான்ட் டு' என்பதோ யோசனை அன்று, பணிவு போர்த்திய கட்டளை.

நம்மிடம் 'பரவாயில்லை' இருப்பதால் இது பிடிபட அதிக நாள் ஆகாது. சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்த அத்தை, புருவத்தை உயர்த்தி "பரவாயில்லையே!" என்றால் அது பாராட்டு, தட்டைப் பார்த்தபடியே "ம், பரவாயில்லை" என்றால் உப்பைச் சரிபார்க்க வேண்டும். முன்னதை 'நாட் பேட்' என்றும், பின்னதை 'க்வைட் குட்' என்றும் நோட்டில் எழுதிவைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் குழப்பம் வரவில்லை.

புரியாததைக் கூட்டத்தின் நடுவே கேட்க வேண்டாம்; முடிந்தபின் தனி உரையாடலில், ஒரு நாளைக்கு ஒன்றாகக் கேளுங்கள். 'ஸ்னூக்கர்ட்' என்றால் வசமாக மாட்டிக்கொண்ட நிலை என்று ஒருவர் எனக்கு விளக்கினார். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கிய ஸ்னூக்கர் விளையாட்டுக்கு விதிகள் வகுக்கப்பட்டது எங்கள் பக்கத்து ஊட்டி கிளப்பில் என்று நான் பதிலுக்குச் சொன்னதிலிருந்து, அவரே எனக்குப் புதிய வழக்குகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்.

பேசத் தொடங்கும்போது நன்றி என்ற பொருளில் 'சியர்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களைத்துப்போனதைச் சொல்லும் 'நேக்கர்ட்' நண்பர்களுக்கு மட்டும், வாடிக்கையாளரிடம் வேண்டாம். மழையில் நனைந்த பேன்ட்டைப் பற்றிப் பேசவும் வேண்டாம், அங்கே 'பேன்ட்ஸ்' என்பது உள்ளாடை. அவர்கள் சொல்லும் 'ட்ரவுசர்ஸ்', நம் ஊர்ப் பையன்கள் போடும் டிரவுசர் அன்று, முழுக்கால் சட்டை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த கோத்தகிரி வாசகர் ஒருவர், "ஆஃப்டர் மை டீ" பார்க்கிறேன் என்ற சக ஊழியருக்காகக் கால் மணி நேரம் காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் நமக்கு டீ என்றால் ஒரு டம்ளர். வட இங்கிலாந்தில் பலருக்கு அது மாலை உணவு. அங்கே மாலை ஆறு மணி, கோடையில் நமக்கு இரவு பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் பதினொன்றரை. ஆகவே அந்தப் பதிலை மறுநாள் காலையில் தேடுங்கள்.